நூறு நாள், இருபது பேர், ஒரு லீவு இல்லை

மாநாட்டுக்கு அனுப்பும் அந்தப் படிவத்தில் தலைப்புக்கு எண்பது எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அதற்கே எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. 'ஊழியர்' என்று போட்டால் 'நலம்' வெளியே நின்றது. 'நலம்' என்று போட்டால் 'உற்பத்தி' வெளியே நின்றது. கடைசியில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு எண்களை மட்டும் வைத்தேன். விசாரணை அதிகாரி அவர்களே, நடந்ததை என் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள், ஒரு பக்கம் போதும் என்றீர்கள். ஒரு பக்கத்தில் அடங்காது, மன்னிக்கவும்.

என் பெயர் கோபாலகிருஷ்ணன். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் சம்பளம் மற்றும் சலுகைகள் பிரிவுக்கு மேலாளர். சம்பளம் என் கையில் இல்லை, அது வெளிநாட்டில் முடிவாகி மெயிலில் வரும். சலுகைகள் என் கையில் இருந்தன. கேன்டீனில் புதன்கிழமை முட்டையா, காலிஃபிளவரா என்பதிலிருந்து தீபாவளி டப்பாவில் மைசூர்பாகு எத்தனை துண்டு என்பது வரை நான் வைத்ததுதான்.

ஒவ்வொரு ஜனவரியிலும் மாமல்லபுரத்தில், ஈசிஆர் ஓரத்து ரிசார்ட் ஒன்றில், எங்கள் தொழில்காரர்களுக்கென்று ஒரு மாநாடு நடக்கும். ஊழியர்களுக்கு என்ன கொடுக்கலாம், எதையெல்லாம் கொடுக்காமலே கொடுத்தமாதிரி காட்டலாம் என்று இரண்டு நாள் ஏசியில் உட்கார்ந்து பேசுவோம். மதியம் மூன்று வகை மீன். நான் பதினோரு வருடமாகப் போகிறேன். கேட்க வருகிறவர்களுக்கு ஒரு சணல் பையும் ஒரு பேனாவும் தருவார்கள். மேடையில் பேசுகிறவர்களுக்கு ஊர்ப் பட்டறையில் செதுக்கிய கருங்கல் யானை, பீடத்தில் அவரவர் பெயர் பொறித்து. எங்கள் வீட்டில் பதினோரு சணல் பைகள் இருக்கின்றன. என் மனைவி அவற்றில்தான் கத்தரிக்காய் வாங்கி வருகிறாள்.

பக்கத்துக் கம்பெனி லதாவிடம் இரண்டு யானைகள் இருக்கின்றன. அவர் எனக்கு எட்டு வருடம் ஜூனியர். போன ஜனவரியில் மீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், திரும்பி, "நீங்க எப்ப சார் பேசப்போறீங்க?" என்று கேட்டார். மனதில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. நான்தான் அன்றைக்கு வஞ்சிரத்தைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

பேச வேண்டுமென்றால் முன்மொழிவு அனுப்ப வேண்டும். ஒன்பது கேள்விகள். நான்காவது கேள்வி, நீங்கள் செயல்படுத்திய திட்டத்தின் விளைவை எண்ணில் சொல்லுங்கள் என்பது. ஏழாவது, அந்தத் திட்டத்தால் வாழ்க்கை மாறிய ஓர் ஊழியரின் கதையை நூறு சொற்களில் எழுதுங்கள் என்பது. மற்றவர்கள் திட்டம் போட்டு, விளைவு வந்த பிறகு படிவத்தை நிரப்புவார்கள். அப்படிச் செய்வதால்தான் பலருக்கு விளைவு சுமாராக வருகிறது. நான் படிவத்தை முதலில் நிரப்பினேன். நான்காவது கேள்விக்கு எதிரே 'நூறு நாள், இருபது பேர், ஒரு லீவு இல்லை' என்று எழுதிச் சேமித்தேன். அனுப்பக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அங்கிருந்து பின்னோக்கி நூறு வேலைநாளை எண்ணி, எந்த நாளில் விரல் நின்றதோ அன்றைக்குத் திட்டத்தைத் தொடங்கினேன்.

திட்டம் எளிது. மூன்றாவது தையல் லைனில் இருபது பேர். இருபது பேரும் நூறு வேலைநாள் ஒரு லீவும் போடாமல் வந்தால் ஆளுக்கு ஒரு வாஷிங் மெஷின். ஒருவர் ஒரு நாள் போட்டாலும் இருபது பேருக்கும் கிடையாது. லீவை யாரும் தடுக்கவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். லீவு வேண்டுபவர் மற்ற பத்தொன்பது பேரிடமும் கையெழுத்து வாங்கி வந்தால் போதும், என் கையெழுத்துகூட வேண்டியதில்லை. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஊழியர் கையில் அதிகாரம் என்று ஒன்பதாவது கேள்விக்கு அதைத்தான் எழுதினேன்.

பிரமாதமாக நடந்தது. காய்ச்சலோடு வந்தார்கள். மச்சினன் கல்யாணத்துக்குப் போனவர் தாலி கட்டியதும் பஸ் பிடித்து, நெற்றியில் சந்தனத்தோடு வந்து கார்டு தேய்த்தார். வீட்டுப் பெண்கள் எனக்குச் சம்பளமில்லாத சூப்பர்வைசர்கள் ஆனார்கள்.

ஏழாவது கேள்விக்கு நான் தேர்ந்தெடுத்தவர் காசிநாதன். ஐம்பத்தொரு வயது. திருப்போரூருக்கு இந்தப் பக்கம், பாதி வயலும் பாதி கலர் கொடி நட்ட பிளாட்டுமாக இருக்கும் ஒரு கிராமத்துக்காரர். வளைவுத் தையலில் அவரை அடிக்க ஆள் கிடையாது. போனில் அவரை வீடியோ எடுத்தேன். மெஷின் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, "எங்கூட்டுக்காரிக்கு கை நோவு கொறையும் சார், வேற இன்னா வோணும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே எழுபது சொல் எழுதி, மீதி முப்பதைக் கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனையும் என் சலுகைகளில் ஒன்று. அறுபதாவது நாள் வண்டி வந்து எல்லோருக்கும் ரத்தமும் ஈசிஜியும் எடுத்துப் போனார்கள். எண்பத்தோராவது நாள் ரிப்போர்ட்டுகள் வந்தன. முதலுதவி அறை நர்ஸ் ஜெனிஃபர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்து, கவரில் போட்டு, லைன் வாரியாக அடுக்கி என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார், அதைக் கடைசியில் எழுதுகிறேன். மற்ற லைன்காரர்களுக்கு அன்றே கொடுத்துவிட்டேன். மூன்றாவது லைனின் இருபது கவர்களை மட்டும் இழுப்பறையில் வைத்தேன். சர்க்கரை கூடுதல் என்று ஒரு வரி இருந்தால் போதும், டாக்டரைப் பார்க்க ஒரு நாள் வேண்டும் என்று நிற்பார்கள். நூறு முடிந்ததும் கொடுத்தால் ஆயிற்று. ஒருவருடையதை மட்டும் ஒதுக்கவில்லை, இருபதையும் வைத்தேன். பாரபட்சம் காட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

தொண்ணூற்றெட்டாவது நாள், புதன்கிழமை, டீ நேரத்தில் காசிநாதன் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ரெண்டு நாளா நெஞ்சாண்ட இன்னாவோ புடிச்சிகினு கீது சார். நாளைக்கு ஒரு நாளு செங்கல்பட்டு ஜிஎச்சுல காட்டிட்டு வந்துர்றேன்."

நான் மறுக்கவில்லை. லீவு படிவத்தையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்து வாங்க லைனைச் சுற்றிப் போனார். அரை மணி கழித்துத் திரும்பினார். படிவத்தில் நான்கு கையெழுத்து இருந்தது. பின்னாலேயே லைன் லீடர் சின்னையன் வந்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, காசிநாதனைப் பார்த்துத்தான் பேசினார்.

"அண்ணாத்த, எங்கூட்ல மெசினுக்கு எடம் தொடச்சி வெச்சிகினு கீறாங்கோ. சனிக்கெழம காலீல நானே உன்னிய வண்டில இட்டுகினு போறேன். ரெண்டே நாளு."

சின்னையன் கெட்டவர் அல்ல. சனிக்கிழமை நிச்சயம் அழைத்துப் போயிருப்பார். காசிநாதன் ஒரு தரம் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை, என் திட்டத்தில் நான் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. "சர்தான் வுடு" என்று படிவத்தை மேஜையில் வைத்தார். வாயுவாக இருக்கும் என்று சொல்லி, என் இழுப்பறையிலிருந்து ஒரு அட்டை மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஆறு இருபத்திரண்டுக்குக் கார்டு தேய்த்திருக்கிறார். மதியம் ஒன்று நாற்பதுக்கு, ஒரு சீட் உறையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தவர், மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஜெனிஃபர் ஓடிவந்து நெஞ்சை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏறினார். ஜிஎச் வாசலுக்குப் போகும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. நான் அழுததை அக்கவுண்ட்ஸ்காரர்கள் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள், வேண்டுமானால் விசாரிக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனி விதிப்புத்தகத்தை எடுத்தேன். வேலை நேரத்தில் ஆலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்படுகிறவருக்கு அன்று முழு நாள் வருகை தரவேண்டும் என்று பதினேழாவது பக்கத்தில் இருக்கிறது. ஆக, தொண்ணூற்றொன்பது உடையவில்லை.

நூறாவது நாளும் அவரால் உடையவில்லை. இறந்தவர் பணிப்பட்டியலில் இருக்க முடியாது. பட்டியலில் இல்லாதவர் லீவு போடவும் முடியாது. சிக்கல் மற்ற பத்தொன்பது பேரால் வந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வரும், ஒன்றரைக்கு எடுப்பதாகச் சொந்தக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். கூட வேலை பார்த்தவரின் சாவுக்குப் போகாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது, அது மனிதத்தன்மை இல்லை.

அதனால் காலை எட்டு மணிக்கே நான் அந்தக் கிராமத்துக்குப் போனேன். காசிநாதனின் மனைவி சின்னப்பொண்ணு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். லைன் மொத்தமும் வந்து தோள் கொடுக்க ஆசைப்படுகிறது, ஷிஃப்ட் மூன்று மணிக்கு முடிகிறது, கம்பெனி பஸ்ஸில் வந்து சேர நாலாகும் என்று பக்குவமாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம். அவர்கள் வீட்டுத் தினசரி காலண்டரிலேயே அதைக் காட்டி, நாலரைக்கு எடுப்பதுதான் முறை என்றேன். ஐஸ் பெட்டி, மாலை, மேளம் எல்லாம் கம்பெனி பொறுப்பு என்றும் சொன்னேன்.

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்தார். "அத்தினி பேரும் வராங்களா சார்? அவுருக்கு அவ்ளோ மருவாதியா?"

ஆமாம் என்றேன். சொன்னபடியே வந்தார்கள். பத்தொன்பது பேரும் காலையில் கார்டு தேய்த்து, எட்டரை மணி நேரம் தைத்து, யூனிஃபார்மோடு பஸ் ஏறி வந்தார்கள். ஊரே அசந்துபோனது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, முதலாளி என்றால் இப்படி இருக்கணும் என்றார். நான் முதலாளி இல்லை என்று திருத்தினேன்.

மேளச் சத்தம் அதிகமாக இருந்ததால், பிளாட் விற்பனை போர்டு ஒன்றின் நிழலுக்கு ஒதுங்கி நின்று போனைத் திறந்தேன். நான்காவது கேள்வியில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஏழாவதில் விட்டுவைத்த முப்பது சொற்களை அங்கேயே நின்று எழுதினேன். தன் கடைசி நாளிலும் வேலைக்கு வந்தவர் என்று முடித்தேன். வாழ்க்கை மாறிய ஊழியரைத்தானே கேட்டிருந்தார்கள். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். சிக்னல் மோசம், வட்டம் சுற்றிச் சுற்றி ஒரு வழியாகப் பச்சை டிக் விழுந்தது. பிறகு ஓடிப்போய் நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் ஏற்பு மெயில் வந்தது. இரண்டாம் நாள், காலை பதினொன்றேகால், நாற்பது நிமிடம். கல் பட்டறையிலிருந்தும் போன் செய்தார்கள். பெயர் நீளமாக இருக்கிறது, பீடத்தில் இரண்டு வரியாக வரும், பரவாயில்லையா என்று கேட்டார்கள். பரவாயில்லை என்றேன்.

இனி ஜெனிஃபர் விஷயம். அவர் உங்களிடம் சொன்னது அத்தனையும் சரி. எண்பத்தோராவது நாள் அவர் ஒரு கவரில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியாக என் கையில் கொடுத்தார். "காசிநாதன் அண்ணனுக்கு இன்னைக்கே குடுத்துடுங்க சார், நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். அன்று மாலையே நான் அதைப் பிரித்துப் படித்தேன். இதயத்துக்கு ரத்தம் போவதில் அடைப்பு தெரிகிறது, உடனே மருத்துவமனையில் சேர வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. பதினேழு வேலைநாள் அது எனக்குத் தெரியும். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு என் எதிரில் நின்றபோது, எங்களுக்கு நடுவில் இருந்தது அந்த இழுப்பறைதான். மாத்திரை அட்டை கவருக்கு அடியில் இருந்தது. கவரை நகர்த்திவிட்டுத்தான் எடுத்தேன். செத்துப்போகலாம் என்பதும் அப்போது எனக்குத் தோன்றியது. திடமான உடம்பு, இரண்டு நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். பத்தொன்பது பேருக்கோ சின்னையனுக்கோ இது எதுவும் தெரியாது. அவரைச் சாகவிட்டது நான் ஒருவன்தான். கவரை இத்துடன் ஒரு சணல் பையில் வைத்து ஒப்படைக்கிறேன். பை புதியது.

ஒன்று மட்டும் பாக்கி. நூறாவது நாள் பட்டியலில் இல்லாததால் காசிநாதனுக்கு மெஷின் கிடையாது என்றார்கள். நான் அக்கவுண்ட்ஸில் சண்டை போட்டு வாங்கி, காரியம் முடிந்த மறுநாள் நானே கொண்டுபோய் இறக்கினேன். அதற்கென்று ஏற்கெனவே குழாய் போட்டு வைத்திருந்தார்கள். சின்னப்பொண்ணு அம்மாள் அட்டைப்பெட்டியைத் தொட்டுப் பார்த்தபடி, "மத்த லைனு ஆளுங்களுக்கெல்லாம் டெஸ்ட்டு கவரு வந்துச்சாமே சார், அவுருது வந்துச்சா?" என்று கேட்டார்.

வரவில்லை என்றேன்.

இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதற்காக அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறேன். ஆனால் முன்மொழிவின் ஒன்பது பதில்களில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாநாட்டுக் குழு அந்த எண்களைச் சந்தேகப்படுவதாகக் கேள்விப்பட்டேன், அதுதான் தாங்கமுடியவில்லை. எண்கள் சரியானவை என்று நீங்கள் அவர்களுக்கு ஒரு வரி எழுதினால் போதும், வேறெதுவும் கேட்கவில்லை.