மணிக்கூண்டு முழுகிய மத்தியானம்

மருமகள்: அசைக்காதீங்க மாமா!

மாமனார்: நான் எங்கம்மா அசைச்சேன்? காத்து அசைச்சிருக்கும்.

மருமகள்: ஜன்னல் சாத்தியிருக்கு.

மாமனார்: அப்ப மூச்சு விட்டிருப்பேன். மூச்சு விடலாமா, இல்ல உங்க சாயங்கால வரைபட வகுப்புல அதுக்கும் தடையா?

மருமகள்: மெதுவா விடுங்க. பழைய ஊர்ப்படம் ஜன்னல் கண்ணாடியில ஒட்டியிருக்கு. இன்னிக்குப் படம் இந்த ட்ரேசிங் தாள்ல இருக்கு. ரெண்டும் ஒரே அளவு. ஒண்ணு மேல ஒண்ணு சரியா வச்சாத்தான் ஊர் எப்படி மாறியிருக்குன்னு தெரியும்.

மாமனார்: ஒண்ணும் தெரியல. கண்ணாடி பூரா அழுக்கு.

மருமகள்: துடைக்கலாம்னுதான் பாத்தேன். அந்த மஞ்சக் கட்டம் போட்ட துணியைக் காணோம். ஜன்னல் துடைப்போமே, அது. நீங்க பாத்தீங்களா?

மாமனார்: அது... இங்கதான் எங்கயாவது கிடக்கும். அதை விடு. என் அளவு நாடா எங்க?

மருமகள்: என் பையில இருக்கு. வகுப்புக்கு எடுத்துட்டுப் போனேன்.

மாமனார்: கையகலப் படத்தை அளக்க அவ்ளோ நீள நாடாவா?

மருமகள்: அது... பெரிய படம் மாமா. தாளைப் பிடிங்க, நழுவுது.

மாமனார்: ஆயுசு பூரா கைக்கடிகாரம் கழட்டி மாட்டின கை இது. நழுவாது. நம்ம வீடு எங்க இருக்கு, சொல்லு.

மருமகள்: அவசரப்படாதீங்க. முதல்ல மாறாத மூணு இடத்தைப் பொருத்தணும். மணிக்கூண்டு, கல்பாலம், ரயில் நிலையம். அது மூணும் அன்னிக்கும் அங்கதான், இன்னிக்கும் அங்கதான். அதுங்க சரியா உக்காந்தா மத்ததெல்லாம் தானா உக்காரும்னு எங்க வாத்தியார் சொன்னார்.

மாமனார்: உக்காந்துதா?

மருமகள்: உக்காந்துது.

மாமனார்: அப்ப நம்ம வீடும் உக்காந்திருக்கணுமே.

மருமகள்: உக்காந்திருக்கு... இருங்க, நான் எதுக்கும் இன்னொரு தடவை சரிபார்த்துட்டு...

மாமனார்: கையை எடு.

மருமகள்: என் தப்பாத்தான் இருக்கும் மாமா. எனக்கு எப்பவுமே...

மாமனார்: கையை எடும்மா. ...என்ன இது, நீலமா இருக்கு?

மருமகள்: ம்.

மாமனார்: நீலம்னா?

மருமகள்: ஆறு.

மாமனார்: ஆத்தங்கரைன்னு சொல்லு.

மருமகள்: கரை இங்க இருக்கு, பாருங்க. நாம நடு ஆத்துல இருக்கோம்.

மாமனார்: அப்ப நாம சாப்பிடுற மேசை?

மருமகள்: பழைய படத்துல அந்த இடத்துல ஒரு படகு வரைஞ்சிருக்கு.

மாமனார்: யாரு வரைஞ்சது இந்தப் படத்தை? அந்த ஆளுக்கு மத்தியானத் தூக்கம் வந்திருக்கும்.

மருமகள்: அவர் நல்லாத்தான் வரைஞ்சிருக்கார். கல்பாலத்துக்கு எத்தனை வளைவுன்னு கூட எண்ணி வரைஞ்சிருக்கார்.

மாமனார்: வளைவு எண்ணத் தெரிஞ்சவருக்குத் தண்ணி எது தரை எதுன்னு தெரியலை, அவ்ளோதான். கொஞ்சூண்டு வலது பக்கம் தள்ளு.

மருமகள்: தள்ளக் கூடாது மாமா.

மாமனார்: ஒரு நூல்.

மருமகள்: ...சரி, ஒரு நூல். நானும் அதைத்தான் நினைச்சேன். ஆங்... வீடு கரை ஏறிடுச்சு!

மாமனார்: பாத்தியா! தாள்தான் கோணலா இருந்திருக்கு.

மருமகள்: ஐயையோ.

மாமனார்: என்ன?

மருமகள்: மணிக்கூண்டு முழுகிப் போச்சு.

மாமனார்: எங்க காட்டு... அடப்பாவமே! கழுத்தளவு தண்ணியில நிக்குது. கொஞ்சம் மேல தூக்கு.

மருமகள்: தூக்கினேன். மணிக்கூண்டு தப்பிச்சுது. ரயில் நிலையம் உள்ள போயிடுச்சு.

மாமனார்: ரயிலைக் காப்பாத்தும்மா, ஜனங்க இருப்பாங்க! லேசாத் திருப்பு.

மருமகள்: திருப்பினா கல்பாலம் தரையில கிடக்கு. அடியில தண்ணியே இல்ல.

மாமனார்: அப்ப யாரையாவது ஒருத்தரை முழுகடிச்சாத்தான் நாம பிழைக்க முடியும்னு சொல்ற.

மருமகள்: ஆமாம். இதை நாளைக்கு நூலகத்துல மாட்டப் போறாங்க. இப்படித் தள்ளி வச்சு மாட்டினா, நான் ஊரையே தள்ளி வச்ச மாதிரி. பாக்கிறவங்க எல்லாரும் அவங்கவங்க வீட்டைத் தேடுவாங்க மாமா.

மாமனார்: சரியா மாட்டினா?

மருமகள்: சரியா மாட்டினா நம்ம வீடு ஆத்துல. நீங்க கடிகாரக் கடைக்கு வந்தவங்க கிட்டல்லாம், எங்க வீடு இருக்கிறது மேட்டு நிலம், தண்ணியே தொட்டதில்லன்னு சொல்லி வச்சிருக்கீங்க... உங்களுக்கு எப்படி இருக்கும்னுதான் நேத்துலேருந்து இதை ஒளிச்சு ஒளிச்சு வச்சேன்.

மாமனார்: நேத்தே பாத்துட்டியா?

மருமகள்: நேத்தே பாத்துட்டேன். திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் படகு மேலயே போய் உக்காருது.

மாமனார்: படகு மேலயேவா.

மருமகள்: மாமா? கோவமா?

மாமனார்: பழைய இடத்துக்கே தள்ளு. மூணும் சரியா உக்காரட்டும்.

மருமகள்: நிஜமாவா?

மாமனார்: தள்ளும்மா. என் கட்டில் காலுக்கு அடியில என்ன இருக்கு?

மருமகள்: செங்கல். முதுகுவலிக்கு உயரம் வேணும்னு...

மாமனார்: அரிசி டப்பா எங்க இருக்கு?

மருமகள்: பரண் மேல. எலி ஏறும்னு சொன்னீங்க.

மாமனார்: எலி பரண்லதான் ஏறும், தரையில ஏறுமா? நீயும் ஒரு நாள் கூடக் கேக்கலை.

மருமகள்: கேட்டா மரியாதை இல்லைன்னு... அப்ப உங்களுக்குத் தெரியுமா?

மாமனார்: இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே தெரியும். மண்வெட்டி நிறைய சிப்பி வந்துது. கொத்தனார் என்னைப் பாத்தார், நான் வானத்தைப் பாத்தேன். இங்கதான் கட்டுவேன்னு எல்லார் பேச்சையும் மீறி வாங்கின மனை. எப்படிம்மா வெளியில சொல்றது?

மருமகள்: அதான் பின்னறைத் தரை எப்பவும் சில்லுனு இருக்கா?

மாமனார்: ஏசி வச்ச மாதிரி இருக்குன்னு உன் புருஷன் சின்ன வயசுல பெருமையடிப்பான்.

மருமகள்: சிரிக்க வைக்காதீங்க, தாள் நழுவுது... மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? மேட்டுத்தெருவுல பாத்த வீட்டுக்கு நாம குடி போறோமா இல்லையான்னு, இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அவர் அந்த வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லணும்.

மாமனார்: தெரியும். வேண்டாம்னு சொல்லப் போறான்.

மருமகள்: நீங்கதான் இந்த வீட்டை விட்டு வரமாட்டீங்களே.

மாமனார்: யார் சொன்னா?

மருமகள்: நான் சொன்னேன். அவர்கிட்ட. மாமா மனசு தாங்காது, கேக்கவே கேக்காதீங்கன்னு.

மாமனார்: நல்லாருக்கு! நானும் அவன்கிட்ட சொன்னேன்.

மருமகள்: என்னன்னு?

மாமனார்: அவ வரமாட்டாடா, இந்த ஜன்னல்னா அவளுக்கு உயிரு, படம் எல்லாம் இதுலதான் ஒட்டறா, பேச்சை எடுக்காதேன்னு.

மருமகள்: அதான் அவர் ஒரு வாரமா ரெண்டு பேர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு ஆபீஸ் போறார்!

மாமனார்: வயித்து வலின்னு நினைச்சேன்.

மருமகள்: எனக்கு இந்த ஜன்னல் மேல ஒண்ணும் அவ்ளோ உயிர் இல்ல மாமா. போன மழையில ராத்திரி எல்லாம் ஓதம் எங்க வரைக்கும் ஏறுதுன்னு சுவத்துல பென்சில் கோடு போட்டு வச்சிருக்கேன். காலண்டருக்குப் பின்னால.

மாமனார்: ஓ, அந்தக் கோடு உன்னோடதா? நான் போட்டதுதான் வளருதுன்னு பயந்துட்டு இருந்தேன்.

மருமகள்: ரெண்டு பேரும் ஒரே சுவத்துலயா?

மாமனார்: நீ முதல்ல போனை எடு. அவன் அங்க வேண்டாம்னு சொல்லித் தொலைக்கப் போறான்.

மருமகள்: இருங்க, தாளை விட்டா... அட, விழுந்தா விழட்டும்! ...ரிங் போகுது. மாமா, இன்னொண்ணும் சொல்லிடறேன், திட்டக் கூடாது. உங்க நாடா வகுப்புக்குப் போகலை. மேட்டுத்தெரு வீட்டு முன்னறையில உங்க கடிகார வேலை மேசை போகுமான்னு அளந்து பாத்துட்டு வந்தேன். போகுது. முக்காலிக்கும் இடம் இருக்கு.

மாமனார்: அப்ப நானும் ஒண்ணு சொல்லணும். நீ தேடினியே, மஞ்சக் கட்டம் போட்ட துணி... அது மேட்டுத்தெரு வீட்டு ஜன்னல்லயே கிடக்கும்மா. இதை விடப் பெரிய கண்ணாடி, துடைச்சு முடிக்கவே மூச்சு வாங்கிடுச்சு.