இரண்டாவது ஊசி

— திட்டத்தான் வந்திருக்கீங்கன்னா சட்டுனு திட்டிடுங்கம்மா. மத்தியானத்துலேர்ந்து நான் ரத்தம் எடுக்குற ஆள் இல்ல.

— அப்புறம் என்ன ஆளுண்ணே?

— ஃபைல் அடுக்குற ஆள். நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.

— நான் எழுதிக் கொடுத்த புகாராலயா?

— "என் மகனை ரெண்டு தடவை குத்தினார், கவனம் இல்லாதவருக்கு ஊசி எதுக்கு"ன்னு எழுதியிருந்தீங்க. பொய் இல்லையே.

— ஐயோ, அதைக் கிழிச்சுப் போடச் சொல்லத்தான் ஓடி வர்றேன்! கேளுங்கண்ணே, என் பையன் பிழைச்சுட்டான். காலையில எழுந்திரிக்க முடியாம துவண்டு விழுவானே, அவன் இன்னைக்கு எனக்கு முன்னாடி எழுந்து செருப்பைத் தேடுறான். உங்க கையை எங்க வச்சுக் கும்பிடுறதுன்னே தெரியல.

— நான் என்னம்மா செஞ்சேன்? ரெண்டு தடவை குத்தினேன்.

— அந்த ரெண்டாவது குத்துதான்! டாக்டர் படம் போட்டே காட்டினாரு. எனக்குப் பாதிதான் ஏறுச்சு.

— அதாவது... மூளைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. அது ரத்தத்துல ஒரு ஹார்மோனை அனுப்பும். சிறுநீரகத்துக்கு மேல குல்லா மாதிரி ஒரு சுரப்பி இருக்கும், அந்த ஹார்மோன் போய் அங்க மணி அடிக்கும். மணி கேட்டதும் செல்லுக்குள்ள ஒருத்தன் அடுத்தவனை எழுப்புவான், அவன் இன்னொருத்தனை. கடைசி ஆளு கொழுப்பைத் தூக்கிட்டு உள்ள போனாத்தான் கார்ட்டிசால் தயாராகும். உடம்புக்குத் தெம்பே அதுதான்.

— இவனுக்கு மணியே கேக்கலையாம்.

— ஆமா. மணி பிறவியிலேயே பழுது. மூளை விடுமா? இன்னும் இன்னும்னு அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுல தோலும் கறுத்துப்போகும்.

— நாங்க வெயில்ல ஆடித்தான் கறுத்துட்டான்னு அடிச்சோமேண்ணே! பாவி நான்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க.

— டாக்டர் சொல்றாரு, மூளை அனுப்புறது அந்தச் சோதனையில மலை மாதிரி தெரிஞ்சதாம். அதை வச்சுத்தான் கோளாறு மூளையில இல்ல, கீழன்னு பிடிச்சாங்களாம். இப்ப வேளாவேளைக்கு மாத்திரை. சரி, முதல் தடவை எடுத்த ரத்தம் என்னாச்சு? அன்னைக்குக் கேட்டப்ப, "கெட்டுப்போச்சு, என் தப்புதான்"னு மட்டும் சொன்னீங்க.

— அதாவது... எடுத்த குழாயை உடனே ஐஸ்ல வைக்கணும். இல்லன்னா அந்த ஹார்மோன் சிதைஞ்சு அளவு இறங்கிடும். அவன் தேம்பித் தேம்பி அழுதான். நான் கையுறையை ஊதி, அஞ்சு விரல் பலூன் பண்ணிக் காட்டிக்கிட்டிருந்தேன். அவன் சிரிச்சான். திரும்பிப் பார்த்தா குழாய் மேஜையிலயே கிடக்கு. அரை மணி நேரம் ஓடிப்போச்சு.

— அதையே அனுப்பியிருந்தா யாருக்குத் தெரியும்?

— மெஷினுக்குத் தெரியாது. கெட்டுப்போன ரத்தத்துக்கும் அது பாட்டுக்கு ஒரு நம்பரைத் துப்பிடும். அதான் பயம்.

— அந்த நம்பரை நம்பியிருந்தா?

— அளவு கம்மின்னு வந்திருக்கும். மூளையிலதான் கோளாறுன்னு அங்க தேடிக்கிட்டிருப்பாங்க.

— என் பிள்ளை அதுவரைக்கும் தாங்கியிருப்பானோ என்னவோ. அப்புறம் எதுக்குண்ணே ஃபைல் அடுக்கப் போறீங்க?

— ரெண்டாவது தடவை நான் கேக்குறதுக்கு முன்னாடியே அவனே கையை நீட்டினான்மா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு. அது என்னை விட மாட்டேங்குது. இனிமே ஒரு பிஞ்சுக் கையை என்னால பிடிக்க முடியாது. நன்றி சொல்ல வந்தீங்க, மனசு குளிர்ந்துடுச்சு. போயிட்டு வாங்க.

— நன்றி சொல்ல மட்டும் வரலண்ணே. வெளிய அவங்க அப்பா மடியில ஒருத்தி தூங்குறா. பிறந்து நாப்பது நாள்தான் ஆகுது.

— அம்மா...

— கூடப்பிறந்ததுக்கும் இது இருக்கலாமாம். நேத்து ராத்திரி பால் குடிக்காம துவண்டுட்டா. டாக்டர் அவளுக்கும் அதே சோதனை எழுதிக் கொடுத்திருக்காரு.

— உள்ள ரெண்டு பேர் இருக்காங்கம்மா. என்னைவிடக் கைப்பழக்கம் ஜாஸ்தி. ஒரே குத்துல எடுத்துடுவாங்க.

— எடுப்பாங்க. ஆனா தப்பு நடந்தா எங்கிட்ட சொல்லுவாங்களான்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லுவீங்க.