டேங்க் மூடியை மாற்றியவர்கள் வாசித்தளிக்கும் மடல்

பழுதென்று வந்த வண்டிகளைப் பழுதின்றி அனுப்பிய பண்பாளரே! செவியால் நோயறிந்து கையால் குணம் தந்த செம்மலே! கிரீஸ் படிந்த கரங்களும் கிஞ்சித்தும் கறை படியாத நெஞ்சமும் கொண்டவரே! முப்பத்தோராண்டுகள் எங்கள் பட்டறையின் ஃபோர்மேனாக அமர்ந்து, இல்லை, ஒருநாளும் அமராமல் நின்றே பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கும் எங்கள் அண்ணனே! வணக்கம்.

இது இரண்டாவது மடல். முதல் மடலை விழா நாளன்று வாசித்திருக்க வேண்டும். வழவழப்பான தாளில், வண்ண எழுத்தில், ஓரமெல்லாம் பூ வேலையோடு அச்சிட்டிருந்தோம். அது புனலாகச் சுருட்டப்பட்டு டீசல் குடித்த கதையைத் தாங்களே கண்ணால் கண்டீர்கள். பட்டறையில் தமிழ் எழுத வருபவன் என்ற ஒரே குற்றத்துக்காக, உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் நான் மறுபடி எழுதி, தோழர்கள் அனைவரும் சூழ நிற்கத் தங்கள் வீட்டு வாசலில் வாசிக்கிறேன். முதல் மடலை நெஞ்சை நிமிர்த்தி வாசிக்க எண்ணியிருந்தேன். இதை வாசிக்கத் தலையே நிமிரவில்லை.

தங்கள் அருங்குணங்களை அடுக்க வேண்டிய இடம் இது. அடுக்கலாம், ஆனால் அவற்றில் ஒன்றுதான் இன்று எங்கள் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. எந்த வண்டி எந்தக் கோலத்தில் வந்து நின்றாலும், ஸ்பேனரைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "கடைசியா இதுக்கு என்ன பண்ணினீங்க?" புது ஹாரன் மாட்டியவர், மைத்துனர் பேச்சை நம்பி எஞ்சினைக் கழற்றியவர், டீசல் டேங்கில் எதையோ ஊற்றியவர் எல்லோரும் அந்தக் கேள்விக்கு நெளிவார்கள். "ஒண்ணும் பண்ணலீங்க" என்பார்கள். தாங்கள் சிரித்தபடி காத்திருப்பீர்கள். டீ ஆறுவதற்குள் உண்மை வந்துவிடும். பாதி ரிப்பேர் அதோடு முடிந்துவிடும். அவர்கள் போன பிறகு நாங்கள் அவர்களைப் போலவே நெளிந்து காட்டிச் சிரிப்போம்.

வழியில் நின்றுபோன வண்டிகளை இழுத்து வரும் நம் பட்டறை லாரிக்குச் 'சம்பந்தி' என்று பெயர் சூட்டியவரும் தாங்களே. காலையில் உரிய மரியாதை செய்யாவிட்டால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும் என்பதால் வந்த பெயர். பேட்டரி முனைகளைத் துடைத்து, டீசல் கைப்பம்பை நாலு தட்டுத் தட்டி, சாவியைத் திருப்பிப் பொறுமையாக இருந்தால், ஒரு கனைப்புக் கனைத்துக் கிளம்பும். அதன் டேங்க் மூடி எங்கோ வழியில் விழுந்து தொலைந்தபோது, பொருத்தமானது கடையில் கிடைக்காமல், தாங்களே தகரத்தை வெட்டி, வளைத்து, ரப்பர் வைத்து, நடுவில் ஆணியால் ஒரு துளை போட்டு மூடி செய்தீர்கள். அழகில் சேர்த்தியில்லை. வேலையில் குறையில்லை.

ஓய்வு பெறுபவரைச் சம்பந்தியில் ஏற்றி வீட்டில் விடுவது நம் பட்டறை வழக்கம். சாவியைத் திருப்புவது அவர் உரிமை. தங்கள் முறைக்காக லாரிக்கு ரகசியமாக நீலம் பூசினோம். பெயிண்டர் அந்தத் தகர மூடியைக் காட்டி, "புது மாப்பிள்ளைக்குப் பழைய செருப்பா?" என்றார். நானும் கிடங்கிலிருந்து பளபளப்பான புது மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எந்த வண்டிக்கு வந்தது என்று பார்க்கவில்லை. இறுக்கமாகப் பொருந்தியதில் பூரித்துப் போனேன். தங்கள் கைவேலை பழைய இரும்பு டிரம்மில் விழுந்தது.

விழாவன்று அண்ணியும் மகளும் மருமகனும் ஏறி அமர, தாங்கள் சாவியைத் திருப்ப, சம்பந்தி கிளம்பியது. படம் எடுத்து முடிக்கும்வரை உறுமிக்கொண்டிருந்துவிட்டு, வாயிற்கதவைத் தாண்டுமுன் அணைந்தது. எலக்ட்ரீஷியன் பேட்டரியை மாற்றினார், நான் டீசல் இருக்கிறதா என்று டேங்கைத் திறந்து பார்த்து மூடினேன், கிளம்பியது. எலக்ட்ரீஷியன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மறுபடி நின்றது. டீசல் மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றி மாட்டினார், நான் மறுபடி திறந்து பார்த்து மூடினேன், கிளம்பியது. இவர் மீசையை முறுக்கினார். அதுவும் நிலைக்கவில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது என்று ஃபில்டருக்குள் டீசல் ஊற்றப் போனபோதுதான் புனல் கேட்டார்கள். என் கையில் மடல் இருந்தது.

அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் காதைக் கொடுத்துக் கேட்டவர் தாங்கள் ஒருவரே. "மூச்சு முட்டற மாதிரி கேக்குதே. கடைசியா இதுக்கு என்ன பண்ணினீங்க?" என்றீர்கள். பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தங்கள் வீட்டார் முன்னால், தங்கள் விழா நாளில், தங்கள் கைவேலையைக் குப்பையில் போட்டோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? "பெயிண்ட் அடிச்சதைத் தவிர ஒண்ணும் பண்ணலண்ணே" என்றேன். வருகிறவர் போகிறவரிடம் சிரித்தபடி காத்திருந்த தாங்கள், எங்களிடம் மட்டும் காத்திருக்கவில்லை. கூட வேலை செய்பவன் பொய் சொல்வான் என்று தங்களுக்குத் தோன்றவே இல்லை.

இறங்கிக் குனிந்து பார்க்கப் போன தங்களை, புதுச் சட்டை பாழாகும் என்று நாங்களே பிடித்து நிறுத்தினோம். கடைசியில் தாங்கள் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பி, "மன்னிச்சுக்குங்க. எனக்குக் காது போயிடுச்சு போல. இந்த வண்டியையும் இனி வச்சிருக்க வேணாம் முதலாளி" என்று சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு பஸ் ஏறினீர்கள். பொய் சொன்னவன் நான் ஒருவன். வாயை மூடிக்கொண்டு நின்றவர்கள் நாங்கள் அத்தனை பேரும்.

மறுநாள் டீசல் மெக்கானிக் அந்தப் புது மூடியைத் திருகியபோது டேங்க் 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. முதல் நாளும் இழுத்திருக்கும். ஆளுக்கொரு கத்தலில் எவர் காதிலும் விழவில்லை. புது மூடியில் துளை இல்லை, அண்ணே. டீசல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லாமல் வண்டி திணறியிருக்கிறது. நான் திறந்து பார்த்தபோதெல்லாம் அதற்கு மூச்சு வந்திருக்கிறது. தாங்கள் கேட்டது கேட்டபடியே சரி. டிரம்மைக் கவிழ்த்துத் தங்கள் மூடியைத் தேடி எடுத்து மாட்டினோம். மதியம் முழுக்கச் சுற்றியும் சம்பந்தி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. எங்களுக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

அண்ணியிடம் போனில் விசாரித்தோம். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். "ஃபேன் சத்தம் போடுதான்னு என்கிட்ட கேக்கறாரு தம்பி. ஒரு ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கையில எடுக்கல" என்றார். வெட்கமாக இருக்கிறது, அண்ணே. ஒரு தகர மூடியை மறைக்கப் போய்த் தங்கள் காதின் மேல் தங்களுக்கே சந்தேகம் வரச் செய்துவிட்டோம்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். திட்டினார், வாங்கிக்கொண்டோம். லாரி விஷயத்தில் மட்டும் மசியவில்லை. "வேணாம்னு சொன்னது ஃபோர்மேன். வேணும்னும் அவரே சொல்லட்டும். இல்லேன்னா நாளைக்கு இரும்புக்காரர் வந்து எடுத்துக்குவார்" என்கிறார்.

கேட்ட செவி கூர்மை குன்றாமலும், உழைத்த கரம் உரம் குறையாமலும், அண்ணியோடும் மக்களோடும் அடுத்த தலைமுறையோடும் தாங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ வாழ்த்துகிறோம். வாழ்த்தும் தகுதி எங்களுக்கு உண்டா என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்.

சம்பந்தி இதோ தங்கள் வாசலில் நிற்கிறது. நன்றாக ஓடி வந்த வண்டியை வேண்டுமென்றேதான் அணைத்து வைத்திருக்கிறோம். சாவி இந்த மடலுக்குப் போட்ட மரச்சட்டத்தின் அடியில் ஆணியில் தொங்குகிறது. அதை எடுக்குமுன், தங்கள் வழக்கப்படி அந்தக் கேள்வியை எங்களிடம் இன்னொரு முறை கேளுங்கள். டீ ஆறும்வரை காத்திருக்க வேண்டாம்.

"உங்க மூடியத் தூக்கிப் போட்டோம்ணே. கேட்டப்போ பொய் சொன்னோம்ணே. இப்போ திரும்ப மாட்டியிருக்கோம். வந்து கேட்டுப் பாருங்க."

தலைகுனிந்து நிற்கும்
தங்கள் பட்டறைத் தம்பிகள்