பீரங்கி மேல் உட்கார்ந்த எழுத்தாளர்

உலகப் போர் தொடங்கிவிட்டது என்று நான் நம்பியது துபாயிலிருந்து புஜைரா போகிற பஸ்ஸில். முன் சீட்டுக்காரர் சலிப்போடு, "ரஷ்யாவும் பிரான்சும் கை கோத்தாச்சு, ஜெர்மன்காரன் சும்மா இருப்பானா?" என்றார். ஈராக் சண்டை நடந்த வருஷம் அது. உடனே மனைவிக்கு போன் போட்டு அரிசி வாங்கி அடுக்கச் சொன்னேன். அப்புறம்தான், பிரேம் கடை முதலாளியான அவர் பக்கத்து சீட்டில் இருந்த தன் வேலையாளிடம் பேசிய மிச்சப் பேச்சு காதில் விழுந்தது.

"நூறு வருஷத்துக்கு முந்தின கார்ட்டூன், முருகேசா. இன்னைக்கு ஸ்கூல் கண்காட்சியில மாட்டணும்."

"அதான் பிரேம் போட்டுட்டேனே, பாய்."

"போட்டே. ராஜாக்கள் எல்லாம் கை கோத்து நிக்கிறாங்க. மூலையில இருந்த எழுத்தாளர் எங்கே?"

"ஓரமா உட்கார்ந்து எழுதிக்கிட்டு இருந்தாரு. சுத்தி அட்டை வைக்க இடம் வேணுமில்ல? மூடிட்டேன்."

"யா அல்லாஹ்! கிண்டலே அந்த ஆளைத்தான்டா. பீரங்கி மேல உட்கார்ந்து சமாதானக் கவிதை எழுதுறாரு."

"பீரங்கியா? பெஞ்சுன்னுல்ல நெனச்சேன்!"

"டீச்சரம்மா வேணாம்னுட்டா ஸ்கூல் ஆர்டர் கலாஸ், முடிஞ்சது. உன் லீவும் கலாஸ்."

"தங்கச்சி கல்யாணம் பாய்! ராஜாக்கள் சண்டையில என் லீவை ஏன் இழுக்குறீங்க?"

சொல்லிக்கொண்டே முருகேசன் பிரேமை மடியில் கவிழ்த்து, பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கி, அட்டையை உருவினார். எழுத்தாளர் பீரங்கியோடு வெளியே வந்தார்.

முதலாளி உற்றுப் பார்த்தார். "சரி, லீவுக்குப் போய்த் தொலை."

புஜைராவுக்குப் போர் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு நான்கு மூட்டை அரிசி வந்திருந்தது.