மழை பேஞ்சா எங்க ஓடுவீக?

– இங்க வர்றதுக்கு முன்ன பாத்த ரெண்டு மில்லு வேலையும் ஐப்பசியிலதான் விட்டிருக்கீக. அதத்தான் கேக்குறேன், தங்கலட்சுமி.

– மழை பேஞ்சுச்சு மேடம்.

– மழை எல்லாருக்குந்தான பேஞ்சுச்சு?

– எங்க காட்டுலயும் பேஞ்சுச்சுல்ல. மண்ணு பதமா கெடக்கையில வெதைக்காம, அந்து போன நூல முடிஞ்சுக்கிட்டு நிக்க முடியுமா? நான் சொல்லிட்டுப் போனேன், மத்தவுக சொல்லாமப் போனாக. அம்புட்டுதான் வித்தியாசம்.

– ம்... சரி. கேட்டுலருந்து பாத்தா இந்த ஆபீசு நேர் எதுத்தாப்புல தெரியுது. நீங்க எதுக்குக் குடோனச் சுத்தி வந்தீக? வாட்ச்மேன் போன் போட்டுச் சொன்னாரு.

– காலு அது பாட்டுக்குப் போயிருச்சு, தெரசா மேடம்.

– ராத்திரி தூக்கமில்லையா?

– தூக்கமெல்லாம் வருது. கனாதான் விட மாட்டேங்குது.

– ம்... சரி. ஒளிக்காமச் சொல்லிர்றேன். மில்லு தொறந்ததுலருந்து வேலைக்கு வந்தவுக கதையெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. யாரு நிக்கிறா, யாரு ஓடுறான்னு போட்டுப் பாத்தோம். படிப்பு ஒண்ணுஞ் சொல்லல. பரீட்சை மார்க்கும் சொல்லல. மழைதான் சொல்லுச்சு. சொந்தக் காடு உள்ளவுக மொத மழைக்கு ஓடிர்றாக. இனிமே நிப்பேன்னு வாய் சொல்லும். ஆனா நேத்து செஞ்சதத்தான் மனுசன் நாளைக்கும் செய்வான்.

– எங்களுக்குத்தான் காடே இல்லையே. வித்து வருசக்கணக்காச்சே மேடம்.

– வித்தவுகளும் ஓடியிருக்காகம்மா. மாரிச்சாமின்னு ஒருத்தரு. மழை வாசம் வந்ததும் மெசின அப்படியே விட்டுட்டுப் பொறப்பட்டாரு. போயி, வித்த காட்டு ஓரத்துல நனைஞ்சுக்கிட்டே நின்னாராம்.

– பின்ன, நிக்க மாட்டாரா? நானும் அப்படித்தான் நிப்பேன்.

– இப்படிச் சொன்னா உங்கள எப்படி எடுக்க? இந்த மழைக் கேள்வியில மார்க் கொறைஞ்சா மத்ததுல எம்புட்டு வாங்குனாலும் பேரு அடியில போயிரும்.

– பொய் சொல்லி வேலை வாங்க எனக்கு வராது. ஆனா இந்த வேலை வேணும் மேடம். எங்க வீட்டுக்காரரு திருப்பூருல கெடக்காரு. இது கெடைக்கலைன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு நானும் போயிரணும். இத்தன காலம் அணையாத அடுப்பு, வீட்டப் பூட்டுனா அதுவும் அணைஞ்சுரும்.

– ம்... அது என்ன கனா?

– எதுக்கு மேடம், அதுக்கும் மார்க்கா?

– இல்ல. சும்மா சொல்லுங்க.

– உளுந்து முழங்கால் ஒசரம் நிக்கும். நான் வரப்பு மேல நடப்பேன். எம்புட்டு நடந்தாலும் ஒரு செடிகூட மிதிபடாது. மஞ்சணத்தி மரத்தடியில எங்க மாமியா தூக்குச்சட்டியோட உக்காந்திருப்பாக, செத்துப் போனவுக. வான்னும் சொல்ல மாட்டாக, போன்னும் சொல்ல மாட்டாக. மேல இருந்து மழை பஞ்சு கணக்கா எறங்கும். சத்தமே இருக்காது. முழிச்சா கையில மண்ணு வாசம்.

– கேக்கவே கண்ணச் சொக்குது. எங்க அப்பாவுக்கும் காரியாபட்டிப் பக்கம் காடு இருந்துச்சு. மழை நாள்ல எங்களையெல்லாம் மாதா கோயில் பூசைய விட்டுட்டு வெதைக்க வாங்கன்னு கூப்பிடுவாரு. பங்குச் சாமியாரு கோவிச்சுக்குவாரு.

– காத்து மாறுது. சன்னலச் சாத்தட்டுமா மேடம்?

– வேணாம், இருக்கட்டும். வாசம் வருது.

– கெழக்க இருட்டிக்கிட்டு வருது.

– வந்துருச்சு, தங்கலட்சுமி. தூறல் விழுது.

– ஆமா மேடம்.

– மாரிச்சாமியா இருந்தா இந்நேரம் கேட்டத் தாண்டியிருப்பாரு. நீங்க எந்திரிக்கக்கூட இல்லையே.

– எந்திரிச்சு எங்க போக?

– உங்க காட்டோரந்தான். நிப்பேன்னு இப்பத்தான சொன்னீக? எந்தப் பக்கம் அது, பாளையம்பட்டியா, திருச்சுழி ரோடா?

– எங்க காட்ட ஒரு மதுரைப் புரோக்கருதான் வாங்குனாரு. எதுக்குன்னு அன்னிக்குச் சொல்லல. கேட்டுக்கும் இந்த ஆபீசுக்கும் நடுவுல கெடக்குறது உளுந்து வெதைச்ச எடம், அதான் மிதிக்க மனசு வராமக் குடோனச் சுத்தி வந்தேன். நீங்க நாற்காலி போட்டிருக்கீகளே, அங்கதான் எங்க மஞ்சணத்தி நின்னுச்சு. மழை பேஞ்சா நான் ஓடி வர்ற எடம் இதுதான் மேடம்.