கேட் மீட்டிங்கில் ஒரு கை

காலை ஷிப்டுக்குப் போகிற பஸ். உட்கார்ந்திருந்த என் தலைக்கு மேலே கம்பியைப் பிடித்தபடி, ஒரே ஆலையின் காக்கிச் சட்டையில் இருவர்.

“நேத்து கேட் மீட்டிங்ல நீ கையத் தூக்காம இருந்திருக்கலாம் மச்சான்,” என்றார் குட்டையானவர்.

உயரமானவர் திரும்பவில்லை. “‘இனிமே எம் புள்ளதான் யூனியன் தலைவரு, எதிர்க்கிறவங்க கை தூக்குங்க’ன்னு தலைவருதானே மைக்ல கேட்டாரு? தூக்கினேன்.”

“அது சும்மா கேக்கறது. யாராவது தூக்குவாங்களா? அம்மாம் பேர்ல நீ ஒருத்தன்!”

“யூனியன் இன்னா அவரு ஊட்டு சொத்தா? அந்தப் புள்ள ஒரு நாளாவது லேத்துல நின்னுகீறானா?”

“லாக்-அவுட் அப்ப நம்ம ஊட்ல அடுப்பு எரிஞ்சது யாரால? கறாரா ஒரு ஆளு இல்லன்னா மொதலாளி நம்மள முழுங்கிடுவான்.”

“அவருக்கு நானும்தான் வருசா வருசம் கை தூக்கினேன். புள்ளைக்கு ஓட்டுப் பொட்டி வெக்கட்டும், சீட்டு போடுவோம். ஜெயிச்சா மொத மாலை என்னுது.”

மண்ணூர்பேட்டை வந்தது. ஸ்டாப்பில் தலைவரின் ஆட்கள் நாலு பேர், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குட்டையானவர் குனிந்து வெளியே பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: “நேத்து நான் உன் பக்கத்துல நின்னத யாராச்சும் பாத்திருப்பாங்களா?”

“பயப்படாத. நான் கையத் தூக்கினதும் நீ நாலடி தள்ளிப் போன பாரு, அத எல்லாரும் பாத்தாங்க.”