வாசலில் மாப்பிள்ளை

ராட்வைலர் நாய் வளர்ப்பவர்கள் பலரும் அதற்கு முதலில் உட்காரக் கற்றுத்தருகிறார்கள். அது பிழை. முதலில் கற்றுத்தர வேண்டியது காத்திருத்தல். தட்டில் இறைச்சி இருக்கும்போதும் நாய் என் முகத்தையே பார்க்க வேண்டும். பிடிவாதமான இனம், அடித்தால் படியாது. பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு; தராசுகளைச் சரிபார்ப்பது என் தொழில்.

உட்காரச் சொன்னீர்கள். மன்னிக்கவும், நின்றே சொல்கிறேன். சில நாள்களாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அம்மா இறந்தபின் அப்பா என்னோடு இருந்தார். அவருக்கும் கால் தரிக்காது. கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நாய்க்கு நான் வைத்த பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

“நேரத்துக்குச் சாப்பிடுது, ஒரு வேலையும் செய்யறதில்ல, கேட்டா முறைக்குது. இது மாப்பிள்ளையேதான்” என்றார். ‘வாங்க, போங்க’ என்றே அதனிடம் பேசினார். நாயும் அவர் காலடியில்தான் தூங்கியது. உணவு வைத்தவன் நான். இதை ஒரு தகவலாக மட்டுமே சொல்கிறேன்.

ஒருநாள் அவர் பெட்டியைத் தூசி தட்டி எடுத்தார். என் தங்கை வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார்.

“இங்க என்னப்பா குறை?”

“ஒரு குறையும் இல்லடா. சிரிச்சுப் பேச ஒரு ஆள் வேணாமா? நீ பாக்கறப்பல்லாம் என்னை எடை போடற மாதிரியே இருக்கு.”

மகன் குத்துக்கல் போல இருக்க, தகப்பன் மகளிடம் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்? நான் வாதிடவில்லை. கதவைப் பூட்டவும் இல்லை. நாயை வாசற்படியில் படுக்கப் பழக்கினேன். அவர் வெளியேற வந்தால் எழுந்து மறிக்க வேண்டும். நான் ‘விடு’ என்றால் மட்டுமே விலக வேண்டும். பிரியமானவரைப் பார்த்து உறும அதற்கு மனம் வரவில்லை. இறைச்சியை நிறுத்தினேன். கற்றுக்கொண்டது.

“உங்கண்ணன் மாப்பிள்ளைக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் குடுத்துட்டான்மா” என்று அப்பா தங்கையிடம் தொலைபேசியில் சிரித்தார். அவளும் சிரித்திருப்பாள். அதன்பின் செருப்புச் சத்தம் கூடத்துக்குள்ளேயே சுற்றியது.

அன்று எனக்கு விடுமுறை. வெளிக்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். எதிர்வீட்டில் ஒரு செவிலி இருக்கிறார். அவரிடம் போகத்தான் வந்தார்.

“மாப்பிள்ளை, கொஞ்சம் வழி விடுங்க. மூச்சு முட்டுது.”

நாய் உறுமவில்லை. காதுகளை மடக்கிக்கொண்டு ஓரமாக ஒதுங்கியது.

நான் ‘இரு’ என்றேன்.

அது மீண்டும் குறுக்கே வந்து நின்றது. அப்பா அதற்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“டேய்... அதுகிட்டச் சொல்லுடா.”

பிறகு சுவரோடு சரிந்தார். நாய் அவர் கையை நக்கியபடியே முனகியது. ஆனால் படியை விட்டு நகரவில்லை. எதிர்வாசலிலிருந்து பார்த்துவிட்டுச் செவிலி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விசாரணையில் அந்தச் செவிலி உங்களிடம் சொன்னது முழுவதும் சரி.

மருத்துவர் மாரடைப்பு என்று எழுதியதும் சரி. ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். தெரிந்தேதான் சொல்லவில்லை. இட்ட கட்டளையைப் பாதியில் மாற்றினால் நாய் குழம்பிவிடும்.

தங்கை அழுவது இயல்பு. ஆனால் அப்பாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொண்டவன் நான். அதை அவளாலும் மறுக்க முடியாது.